சேம்பு நடும் முன் மண்ணைப் பாருங்கள்

மலாய்க்காரர் கெலாடி என்று அழைக்கும் கிழங்கும், தமிழர் புளிக்குழம்பில் போடும் சேப்பங்கிழங்கும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஒன்றில் தாய்க்கிழங்கு பெருக்கும். மற்றொன்றில் பக்கத்துக் குட்டிக் கிழங்குகள் நிறையும். ஜப்பானியர் ஆட்சி நடந்த 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காத தோட்டத்து லயன்களில் மரவள்ளியோடு கெலாடியும் பல குடும்பங்களின் பசியை ஆற்றியது.

இன்று தாமான் வீடுகளில் வசிப்போர் பலர், இரசாயன உரமின்றிக் கெலாடி பயிரிட ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் கீரை என்றால் செய்த தவறு ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். கெலாடியோ ஏழு முதல் ஒன்பது மாதம் மண்ணுக்குள் இருக்கும் பயிர். மேலே இலை யானைக் காது போல் விரிந்து நிற்கும். தோண்டிப் பார்த்தால் கிழங்கு அழுகி நாற்றமடிக்கும். எட்டு மாத உழைப்பு போன பிறகு விதையையோ வானத்தையோ பழிப்பதில் பயனில்லை. பெரும்பாலும் கோளாறு, நடுவதற்கு முந்தைய ஒரு மாதத்தில்தான் நடந்திருக்கும்.

மலேசிய மண்ணின் முதல் குறை புளிப்பு. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்யும் மழை, மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கழுவிச் சென்றுவிடுகிறது. மேட்டு நிலங்களில் பி.எச். அளவு 4-க்கும் 5-க்கும் இடையே இருப்பது சாதாரணம். அந்த நிலையில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்குகிறது. கெலாடி ஓரளவு புளிப்பைத் தாங்கும் என்றாலும், 5.5 முதல் 6.5 வரை இருந்தால்தான் செழிக்கும். இதற்கு டோலமைட் எனப்படும் மெக்னீசியச் சுண்ணாம்புத் தூள் போதும். ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரை தூவிக் கொத்திவிட்டு, மூன்று நான்கு வாரம் விட்டுவிட வேண்டும். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் கலப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய எருவைக் காற்றுக்கு உண்ணக் கொடுப்பதுதான் அது.

கோழி எருவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மலிவாகக் கிடைப்பதால் பலர் அதைப் பச்சையாகவே குழியில் கொட்டுகிறார்கள். வேர் கருகும், ஈ மொய்க்கும், அண்டை வீட்டாரும் புகார் செய்வார்கள். அதை நெல் உமி, காய்ந்த இலை, மரத்தூள் ஆகியவற்றோடு அடுக்கடுக்காகக் குவித்து, பிழிந்த துணியின் ஈரம் இருக்குமாறு நீர் தெளித்து மூடி வைப்பதே முறை. சில நாள்களில் குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை வரை சூடேறும். கையை உள்ளே விட்டால் பொறுக்க முடியாது. களை விதைகளும் நோய்க் கிருமிகளும் அந்தச் சூட்டில்தான் மடிகின்றன. வாரம் ஒரு முறை புரட்டிப் போட வேண்டும். புரட்டியும் சூடேறாமல், கறுத்துப் பொடிந்து, மழை பெய்த காட்டு மண்ணைப் போல் மணக்கும்போது எரு தயார். நாற்றம் இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

இதில் அவசரம் ஏன் கூடாது? கெலாடி ஈரத்தை விரும்பும் பயிர். ஈர மண்ணில் மட்காத குப்பையைப் புதைத்தால், அது அழுகும்போது மண்ணிலுள்ள உயிர்வளியை எல்லாம் உறிஞ்சிவிடும். மூச்சு முட்டிய வேரை பித்தியம் என்னும் அழுகல் கிருமி எளிதாகப் பிடித்துக்கொள்ளும். ஓடும் நீர் கெலாடிக்குத் தீங்கில்லை. வெயிலில் சூடேறித் தேங்கி நிற்கும் நீர்தான் எதிரி. ஆகவே களிமண் நிலத்தில் ஓரடி உயர வரப்பு மேடு அமைப்பது நலம்.

தழைச்சத்து மட்டும் மிகுந்தால் இலைதான் பெருகும், கிழங்கு பருக்காது. கிழங்குக்குச் சாம்பல் சத்து வேண்டும். செம்பனை ஆலைகளில் கழியும் வெறுங்குலையில் அது நிறைய உண்டு. கிடைக்கும் இடங்களில் அதை மேட்டின் மேல் மூடாக்காகப் பரப்பினால் ஈரமும் காக்கும், களையும் அடங்கும். சாம்பலுக்காகக் குப்பையைக் கொளுத்த வேண்டாம். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது.

கிந்தா பள்ளத்தாக்கில் பழைய ஈயச் சுரங்க நிலங்களில் பயிரிடுவோர் நிலை வேறு. அங்குள்ள வெறும் மணலில் நீரும் நிற்காது, சத்தும் நிற்காது. மட்கிய எருவை ஒவ்வொரு பருவமும் இட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு முன் ஆர்செனிக், ஈயம் முதலியவை உண்டா என்று மண்ணைப் பரிசோதிப்பது கட்டாயம். இயற்கை எரு இட்டதாலேயே நச்சு உலோகம் மறைந்துவிடாது. விற்பனைக்காக வேளாண்மைத் துறையின் மைஓர்கானிக் சான்றிதழைப் பெற எண்ணுவோர், எரு எங்கிருந்து வந்தது, எப்போது இட்டது என்பதை முதல் நாளிலிருந்தே குறித்து வைக்க வேண்டும்.

அறுவடைக்குப் பின் அதே மேட்டில் உடனே மீண்டும் கெலாடி நடுவது வழக்கமாகிவிட்டது. மிச்சக் கிழங்குத் துண்டுகளில் நோய் தங்கியிருக்கும். அவற்றைப் பொறுக்கி அகற்றிவிட்டு, பயிற்றங்காயோ நிலக்கடலையோ போடலாம். பால்மரத் தோட்டங்களில் மரங்களுக்கு இடையே அவரை இனக் கொடிகளைப் படரவிட்டதைப் பார்த்த பெரியவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அந்த மேட்டுக்குக் கெலாடி திரும்ப மூன்று ஆண்டு ஆகட்டும்.