ஒளிவு இல்லாத உள்ளம்

நம் கிறித்துவக் குடும்பங்களில் வளரும் பெண் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

பதினான்கு, பதினைந்து வயதில் ஒருவன்மேல் மனம் சாய்வது இயற்கை. அதையே பெரும் பாவம் என்று எண்ணித் தனியே அழும் தங்கைகள் உண்டு. அப்படி அழத் தேவையில்லை. ஆசை தோன்றுவதால் உள்ளம் அழுக்காகிவிடாது. அந்த ஆசையை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் தூய்மை இருக்கிறது.

வேதாகமத்தில் வரும் ரூத்தின் கதை உங்களுக்குத் தெரியும். அவளும் நம்மைப் போல் வெயிலில் உழைத்துப் பிழைத்தவள். பெத்லகேமில் வாற்கோதுமை அறுவடைக் காலத்தில் சிந்திய கதிர்களைப் பொறுக்கி வந்தாள். மாலையில் வீடு திரும்பியதும் யாருடைய வயலில் வேலை செய்தாள் என்பதை மாமியார் நகோமியிடம் சொன்னாள். நகோமி சீறவில்லை, காது கொடுத்துக் கேட்டாள், புத்தி சொன்னாள். வயலுக்குச் சொந்தக்காரரான போவாசும், அவளை யாரும் தொடக்கூடாது என்று தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். பின்பு ஊர் வாசலில், பத்து மூப்பர்கள் முன்னிலையில்தான் திருமணப் பேச்சை முடித்தார்.

தங்கைகளே, நல்ல உறவுக்கு இதுவே அடையாளம். அது நாலு பேர் அறிய நிற்கும். உங்களை மதிப்பவன் உங்கள் படிப்பு முடியும்வரை காத்திருப்பான். “வேண்டாம்” என்றால் விட்டுவிடுவான். “வீட்டில் சொல்லாதே”, “படம் அனுப்பு”, “அனுப்பாவிட்டால் உனக்கு என்மேல் அன்பில்லை” என்று கைத்தொலைபேசியில் நச்சரிப்பவன் உங்களை நேசிக்கவில்லை. அவன் சபைக்கு வருகிறவனாயினும், வேதம் பேசுகிறவனாயினும், உறவுக்காரனாயினும் இதுவே அளவுகோல். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் ஆபாசமாகப் பேசுவதும், ஆசை காட்டி வசப்படுத்துவதும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள்.

இனிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ஏன் மறைக்கிறாள்? சொன்னால் அடி விழும், பள்ளிக்கூடம் நின்றுவிடும், அவசரமாக ஒரு மாப்பிள்ளை வந்துவிடுவான் என்ற பயத்தால் அல்லவா? அந்தப் பயம்தான் ஏமாற்றுக்காரனுக்குத் துணை. அவசரக் கல்யாணம் மானத்தைக் காக்கும் என்று நினைப்பவர்கள் சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 1982-இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் திருமண வயது 18. பதினாறு நிரம்பிய பெண்ணுக்கு மட்டும் மாநில முதல்வரின் தனி அனுமதியோடு விலக்கு உண்டு. பதினாறுக்குக் கீழ் வழியே இல்லை. சட்டம் ஒருபுறமிருக்க, படிப்பை இழந்த பெண் காலமெல்லாம் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க நேரும். செம்பனைத் தோட்டத்தில் நீங்கள் சிந்தும் வியர்வை அதற்காகவா?

ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே தீங்கு நேர்ந்திருந்தால் என்ன செய்வது? முதலில் அவளை நம்புங்கள். தீங்கு செய்தவன்தான் குற்றவாளி; தீங்குக்கு ஆளானவள் தூய்மை இழந்தவள் அல்லள். ஆண்டவர் முன்னிலையில் அவள் மதிப்பு ஒரு மணியளவும் குறைந்துவிடாது. போலீசில் புகார் செய்யுங்கள். அரசாங்கத்தின் 15999 என்ற உதவி எண்ணையும் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். தாயிடம் சொல்ல முடியாத பிள்ளை, நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடமாவது சொல்லட்டும்.

தாய்மார்களே, வேலை முடிந்து களைத்துத்தான் வருகிறீர்கள். ஆனாலும் இரவுச் சோற்றைப் பரிமாறும்போது, இன்றைய பொழுது எப்படிப் போயிற்று என்று மகளிடம் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். பயமின்றிப் பேசப் பழகிய பிள்ளையை ஏமாற்றுவது எளிதல்ல.