ஜஸ்ட் ஒரு வார்த்தை!

நடுவர் அவர்களே! ராயபுரத்துப் பெருமக்களே!

பேச்சில் ஆங்கிலம் கலப்பது வசதியே என்று முழங்கிவிட்டுப் போனார் எதிரணிச் சகோதரி. "தமிழில் நாலு சொல் தேவைப்படுற இடத்துல 'ஜஸ்ட்' ஒண்ணு போதும்" என்றார். ரொம்ப சரி. அங்கேதானம்மா ஆபத்தே இருக்கு! (சிரிப்பு)

பாருங்க. 'ஜஸ்ட் வந்தேன்' என்றால், இப்பதான் வந்தேன். 'ஜஸ்ட் பாஸ்' என்றால், தட்டுத்தடுமாறித் தேறினேன். 'ஜஸ்ட் கேட்டேன்' என்றால், சும்மா கேட்டேன். 'ஜஸ்ட் பத்து ரூபா' என்றால், பத்தே ரூபா. தமிழில் ஓர் ஏகாரம் போதும், வேலை முடிஞ்சது!

'ஜஸ்ட் மிஸ்' என்றால், நூலிழையில் தவறியது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது இதே ராயபுரத்திலிருந்து. அப்படியானால் தென்னிந்தியாவிலேயே முதன்முதலாக ரயிலை 'ஜஸ்ட் மிஸ்' பண்ணின பெருமையும் நம்ம ஊர்க்காரருக்குத்தானே! (சிரிப்பு, கைதட்டல்)

அந்தச் சொல்லின் பிறப்பைப் பாருங்கள். 'யூஸ்துஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. நியாயமானது என்று பொருள். நீதிபதியை 'ஜஸ்டிஸ்' என்கிறோமே, அதுவும் இதன் உடன்பிறப்புதான். வினையடையாக வந்தபோது முதலில் 'சரியாக' என்று பொருள் தந்தது. பிறகு 'அவ்வளவுதான்' என்றும் தேய்ந்துபோனது. நீதி தேய்ந்து அலட்சியமான கதை ஐயா இது!

"உங்க அம்மா என்ன பண்றாங்க?" என்றால் பிள்ளை சொல்கிறான்: "ஜஸ்ட் ஹவுஸ் ஒய்ஃப்." விடியற்காலை எழுந்து, ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு படுக்கிறவள், 'ஜஸ்ட்'டா? (பலத்த கைதட்டல்)

இந்தக் கரைக்கே வாருங்கள். 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பாதிப்பில்லை என்றுதான் முதலில் தகவல் வந்தது. எர்ணாவூர்க் கரையிலே கறுப்பாக ஒதுங்கிய எண்ணெயை வாளி வாளியாக மனிதர்கள் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. வலையும் படகும் பாழாச்சு. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்களிடம் போய், "ஜஸ்ட் ஒரு லீக்" என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல நா வருமா?

தன் வலியை ஒருவன் 'ஜஸ்ட்' என்றால் அது அடக்கம். அடுத்தவன் வலியை 'ஜஸ்ட்' என்றால் அது அநியாயம். 'இப்பதான்', 'சும்மா', 'பத்தே' என்று தமிழில் பிரித்துச் சொல்கிறபோது, சொல்கிறவன் ஒரு நொடி யோசித்தாக வேண்டும். அந்த ஒரு நொடியைத்தான் 'ஜஸ்ட்' திருடிக்கொள்கிறது.

ஆகவே நடுவர் அவர்களே, ஆங்கிலம் படிக்கட்டும் பிள்ளைகள், நல்லாப் படிக்கட்டும். 'ஜஸ்ட்' என்றால் நியாயம் என்பதையும் சேர்த்தே படிக்கட்டும். அந்தப் பொருளில் நீங்கள் தீர்ப்புச் சொன்னால், வெற்றி எங்கள் அணிக்கே!

(நீண்ட கைதட்டல்)