அச்சமற்ற வகுப்பறை குழந்தையின் உரிமை



பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் பேசும் உழைப்பாளி மக்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். தோட்ட லயத்திலிருந்து முதல் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு ஆசிரியரின் மொழி புரியாவிட்டால் என்ன நேரும்? முதலில் தயங்கும்; பிறகு வாய் மூடும்; இறுதியில் 'மந்தம்' என்ற பெயரைச் சுமக்கும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவு தேயிலைத் தொழிலாளர் லயங்களைப் புதைத்து 70 உயிர்களைப் பறித்தது. மாண்டவர்களில் குழந்தைகளும் இருந்தனர். உற்றாரையும் உடன் விளையாடியவரையும் இழந்த குழந்தை தன் துயரைத் தாய்மொழியில் அன்றி வேறெதில் சொல்லும்?

இது சலுகையல்ல, சட்டம். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு வசதி செய்யுமாறு அரசியல் சாசனத்தின் 350ஏ பிரிவு கூறுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 29ஆம் பிரிவில், பாடத்திட்டம் குழந்தையை அச்சத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவிக்க வேண்டும் என்கிறது.

எல்லைப்புறப் பள்ளிகளில் தமிழ் ஆசிரியர் பணியிடம் ஒன்றும் காலியாக இருக்கலாகாது. மனநல ஆலோசகர் தமிழ் அறிந்தவராக இருக்க வேண்டும். தோட்டத் தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியில் இவை இடம்பெறட்டும்!