நடிகையும் பாடசாலை வாசலும்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



"தொலைக்காட்சி நடிகைக்கு அரசியல் எதற்கு?" என்று கேட்பவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்களுள் ஒருவர் சின்தியா நிக்சன். 'செக்ஸ் அன்ட் த சிற்றி' தொடரில் மிராண்டா என்னும் சட்டத்தரணியாக நடித்து, 2004 இல் எமி விருது பெற்றவர். அவரை வீதிக்கு இறக்கியது ஒரு பாடசாலை. அதனால்தான் இன்று அவரைப் பற்றிப் பேச விரும்பினேன்.

நியூயோர்க் நகரின் அரச பாடசாலையில் படித்தவர் அவர். 2001 இல் தம் மூத்த பிள்ளையையும் அரச பாடசாலையிலேயே சேர்த்தார். அந்தக் காலத்தில்தான் கல்விக்கான நிதி வெட்டப்பட்டது. மற்றப் பெற்றோருடன் சேர்ந்து எதிர்த்தார். 2002 இல் நகர மண்டபத்தின் முன் நடந்த ஆர்ப்பாட்டத்தில் கைது செய்யப்பட்டார். பின்னர் தரமான கல்விக்காகப் போராடிய கூட்டமைப்பொன்றின் குரலாகப் பல ஆண்டுகள் நின்றார்.

அந்தப் போராட்டம் அவர் தொடங்கியதல்ல. பாடசாலைகளுக்குப் போதிய நிதி தரவில்லை என்று பெற்றோர் 1993 இலேயே மாநில அரசின்மீது வழக்குத் தொடுத்திருந்தனர். 2006 இல் உயர் நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது. 2007 இல் அரசு புதிய நிதித் திட்டமொன்றை வகுத்தது. பொருளாதார நெருக்கடி வந்ததும் அது முடங்கியது. தீர்ப்பு ஏட்டில் இருந்தது. வகுப்பறைக்குப் பணம் வரவில்லை.

2018 இல் நிக்சன், ஆளுநர் அன்ட்ரூ குவோமோவை எதிர்த்து ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் நின்றார். ஆட்சி அனுபவம் இல்லாதவர் என்று விமர்சித்தார்கள். அது நியாயமான விமர்சனந்தான். பெரிய மாநிலமொன்றை நிருவகிப்பது நடிப்பைப் போன்றதல்ல. செப்டெம்பர் 13 ஆம் திகதி அவர் தோற்றார். வாக்குகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது.

ஆனால் அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. மாநில செனற் சபையில் எதிர்க்கட்சியோடு கூட்டுச் சேர்ந்திருந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் எட்டுப் பேரில் ஆறு பேரை அக்கட்சி வாக்காளர் வீழ்த்தினர். 2021 இல், முடங்கிக் கிடந்த பாடசாலை நிதியை மூன்று ஆண்டுகளில் முழுமையாக வழங்க மாநிலம் இணங்கியது. வழக்குத் தொடுத்து முப்பது ஆண்டுகளின் பின், 2023-24 இல் அது நிறைவேறியது.

இந்த வெற்றியை நிக்சனின் தலையில் மட்டும் சூட்டுவது சரியல்ல. பெயர் தெரியாத தாய்மார், ஆசிரியர், வழக்கறிஞர் பலரின் உழைப்பு அது. நடிகை செய்தது, கமெராவை அவர்கள் பக்கம் திருப்பியது. புகழுக்கு அந்த வலிமை உண்டு. ஆனால் கமெரா போன பிறகும் கூட்டத்துக்கு வருவது யார் என்பதில்தான் காரியம் தங்கியிருக்கிறது. அவர் ஒரு படத்துக்கு நின்றுவிட்டுப் போகவில்லை. தேர்தலில் நிற்கும் முன்பே பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தார்.

சகோதரிகளே, நம்மில் நடிகைகள் குறைவு. ஆயினும் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஓர் இடத்தில் பெயர் இருக்கிறது: வைத்தியசாலையில், வங்கியில், புலம்பெயர்ந்த ஊரில். அந்தப் பெயரைத் தாய்ப் பாடசாலைக்காகக் கொடுங்கள். ஆய்வுகூடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால் கடிதம் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதமும் எழுதுங்கள். விழா முடிந்தாலும் கூட்டத்துக்கு வாருங்கள்.