எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வும் நம் மஹல்லாப் பிள்ளைகளும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)



 

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குப் பிள்ளைகளை வழியனுப்பச் செல்லாத வீடு நம் மஹல்லாவில் அரிது. கீரனூரையும் மாத்தூரையும் கடந்து, விமான நிலையம் வருவதற்கு முன்பாகவே, அதே சாலையில் சூரியூர் அருகே பெரியதொரு கல்வி வளாகம் இருக்கிறது. அதுதான் திருச்சிராப்பள்ளி இந்திய மேலாண்மைக் கழகம், அதாவது ஐ.ஐ.எம். 2011ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, முதலில் என்.ஐ.டி. வளாகத்தில் இயங்கிப் பின்னர் இங்குத் தன் சொந்த வளாகத்துக்கு வந்தது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து பயில்கிறார்கள். நாமோ அந்த வாயிலைக் கடந்துசென்று, சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் பட்டதாரிப் பிள்ளைகளைக் கடைக் கணக்கு எழுத ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கடை வேலையை நாம் இழிவாகக் கூறவில்லை. நம் பள்ளிவாசலின் மினாராவும் மதரஸாவின் மாடியும் அந்த உழைப்பில் எழுந்தவையே. எனினும், அந்தக் கடையையே நிர்வகிக்கும் கல்வி வழியிலேயே இருக்க, அதன் கதவை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது முறையா என்பதே நம் கேள்வி.

ஒருமுறை தட்டுவது என்று நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. பி.காம். அல்லது பொறியியல் முடித்த பிள்ளை, பிறர் எழுதுகிறார்களே என்று விண்ணப்பிக்கிறான், தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு தடித்த புத்தகம் ஒன்றை வாங்குகிறான், எழுதுகிறான், மதிப்பெண் குறைகிறது. ‘நமக்குக் கணக்கு வராது’ என்று வீட்டார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அடுத்த மாதம் பாஸ்போர்ட். அவனுக்கு வராதது கணக்கு அன்று. அத்தேர்வை எழுதும் முறை அவனுக்கு எவராலும் கற்பிக்கப்படவில்லை.

தேர்வுகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். நம் மாநிலத்தில் எம்.பி.ஏ. சேர்க்கைக்கு உரியது டான்செட். 2002 முதல் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துவது. 100 வினாக்கள், இரண்டு மணி நேரம். அதாவது ஒரு வினாவுக்கு 72 விநாடி. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். ஐ.ஐ.எம்.களுக்கு உரியது கேட் தேர்வு. வழக்கமாக நவம்பர் மாதக் கடைசி ஞாயிறன்று கணினியில் நடைபெறுவது. ஆங்கில வாசிப்பு, தரவு விளக்கமும் தருக்கமும், கணிதம் என மூன்று பகுதி. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியில் மிஞ்சிய நேரத்தை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல இயலாது. வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவும், உள்நாட்டில் சிலவும் ஏற்பது ஜிமேட். 2023 நவம்பரில் அது புதிய வடிவம் பெற்றது: 64 வினாக்கள், இரண்டே கால் மணி நேரம், 205 முதல் 805 வரை மதிப்பெண். கட்டணம் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும் என்பதால், ஆயத்தமின்றி எழுதிப் பார்க்க உகந்ததன்று.

கேட் தேர்வில் ‘பெர்சன்டைல்’ என்ற சொல்லைக் கேட்டுப் பலர் மிரளுகின்றனர். 90 பெர்சன்டைல் என்பது நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் அன்று. எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை விட முன்னிற்கிறீர்கள் என்பதே பொருள். அண்மை ஆண்டுகளில் மொத்த மதிப்பெண்ணில் ஏறத்தாழப் பாதியே பெற்றவர்கள் 99 பெர்சன்டைலைத் தொட்டிருக்கின்றனர். எல்லா வினாவுக்கும் விடை எழுதப் பழகிய நம் பள்ளிப் படிப்பு இங்குத் தடையாகவே வந்து நிற்கிறது. எதை விடுவது என்று அறிந்தவனே இத்தேர்வில் முந்துகிறான்.

விடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. கேட் தேர்வில் சரியான விடைக்கு 3. விடை தெரிவு செய்யும் வினாவில் தவறினால் 1 கழியும். நான்கு விடைகளுள் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நான்கு தடவையில் ஒரு தடவை 3 வரும், மூன்று தடவை ஒவ்வொன்றாகப் போகும், மிச்சம் ஏதுமில்லை. ஒரு விடை தவறென்று உறுதியானபின் குறித்தால், மூன்று தடவையில் 3 வந்து 2 போகும். இரண்டு விடைகளை நீக்கிவிட்டால், இரண்டு தடவையில் 3 வந்து 1 போகும். ஆகவே குருட்டு ஊகம் வீண். பாதி அறிந்த ஊகம் இலாபம். நம் வியாபாரப் பெருமக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

டான்செட், ஜிமேட் இரண்டிலும் ‘தகவல் போதுமா’ என்று வினவும் ஒரு வகை உண்டு. எடுத்துக்காட்டாக: ஒரு மூட்டை அரிசியில் வியாபாரி பெற்ற இலாபம் எத்தனை விழுக்காடு? முதல் தகவல், விற்ற விலை 1,500 ரூபாய். இரண்டாம் தகவல், இலாபம் 300 ரூபாய். தனித்தனியே போதா, இரண்டும் சேர்ந்தால் போதும். அவ்வளவே விடை. நம் பிள்ளையோ கொள்முதல் 1,200, இலாபம் 25 விழுக்காடு என்று கணக்கை முடித்துவிட்டு நிமிருகிறான். அதற்குள் அரை நிமிடம் போய்விடுகிறது. கேளாத கேள்விக்கு விடை எழுதும் இப்பழக்கத்தை மாற்றச் சில வாரப் பயிற்சியே போதும். ஆனால் அந்தப் பயிற்சி வேண்டும்.

முறையாகப் படிப்பது எப்படி என்பதற்கு நாம் வெளியே தேடவேண்டியதில்லை. நம் ஹிஃப்ழு மதரஸாவைப் பாருங்கள். மாணவர் நாள்தோறும் புதிய பாடம் ஒப்புவிக்கிறார். அண்மையில் ஓதியதை மீட்டுகிறார். பழையதையும் விடாது ஓதுகிறார். பழையதை விட்டுவிட்டுப் புதியதில் ஓடுபவரை உஸ்தாத் அனுமதிப்பதில்லை. நுழைவுத் தேர்வுக்கும் இதுவே வழி. முதல் நாளிலேயே, ஒன்றும் படிக்காமல், ஒரு முழு மாதிரித் தேர்வைக் கடிகாரம் வைத்து எழுத வேண்டும். மதிப்பெண் குறைவாகத்தான் வரும். அதைக் கண்டு வெட்கப்பட வேண்டாம். மருத்துவர் மருந்து எழுதுமுன் இரத்தம் பரிசோதிப்பதைப் போன்றது அது.

அதன்பின் ஒரு பிழை ஏடு. தவறிய ஒவ்வொரு வினாவையும் அதில் எழுதி, எதனால் தவறியது என்று குறிக்க வேண்டும்: பாடமே தெரியவில்லையா, தெரிந்தும் கணக்கில் பிசகியதா, நேரம் போதவில்லையா? இம்மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. தெரியாததற்குப் பாடம், பிசகியதற்கு மீண்டும் மீண்டும் பயிற்சி, நேரம் போதாததற்கு எந்த வினாவைத் தள்ளுவது என்னும் துணிவு. மாதிரித் தேர்வு எழுதிய நேரத்தை விட, அதை அலசும் நேரம் மிகுதியாக இருக்க வேண்டும். பத்துத் தேர்வெழுதி ஒன்றையும் அலசாதவன், முதல் தேர்வில் செய்த அதே பிழையைப் பத்தாவதிலும் செய்துகொண்டிருப்பான்.

ஆங்கில வாசிப்பே தமிழ்வழி பயின்ற நம் பிள்ளைகளின் பெருந்தடை. இதற்குக் குறுக்கு வழி எதையும் நாம் அறியோம். நாள்தோறும் ஆங்கில நாளேட்டின் தலையங்கம் ஒன்றைப் படித்து, அதன் கருத்தை இரண்டே வாக்கியத்தில், தமிழிலேனும், எழுதிவர வேண்டும். ஆறு மாதத்தில் வேறுபாடு தெரியும். ஒரு மாதத்தில் தெரியாது.

மற்றொன்று. 2025இல் டான்செட் மார்ச் 22ஆம் நாள், ரமளான் நோன்பின்போதே நடைபெற்றது. ஸஹர் செய்துவிட்டுப் போய் நோன்புடன் தேர்வெழுதுவது நம் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய நிலை. நஃபில் நோன்பு நோற்கும் திங்கள் அல்லது வியாழனில் ஒரு மாதிரித் தேர்வை வைத்துக்கொள்வது நல்லது. எந்த நேரத்தில் களைப்பு வருகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இட ஒதுக்கீட்டுச் சான்றுகள் குறித்துப் பெற்றோர் கவனிக்க வேண்டும். மாநிலச் சேர்க்கையில் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உண்டு. ஐ.ஐ.எம்.களுக்கு அந்தச் சான்று செல்லாது. ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் ஆகியோர் இடம்பெறும் மத்திய ஓ.பி.சி. பட்டியலின்படி, கிரீமி லேயரில் சேராதவர் என்ற தனிச் சான்று தேவை. அங்கு 27 விழுக்காடு ஒதுக்கீடு. விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவது பயனளிக்காது.

கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலாது. ஐ.ஐ.எம்.களின் ஈராண்டுக் கட்டணம் பத்து லட்சத்தைத் தாண்டியது. வங்கிக் கடன் கிடைக்கும், ஆனால் வட்டி. இடம் கிடைத்தும் வட்டிக்கு அஞ்சி ஒரு பிள்ளை திரும்பிவிட்டால், அதற்கு அப்பிள்ளையின் குடும்பம் மட்டுமே பொறுப்பு என்று ஜமாஅத் விலகி நிற்க முடியுமா? திருமண மண்டப வாடகையிலிருந்து ஒரு பங்கை ‘கர்ளன் ஹஸனா’ கல்வி நிதியாக ஒதுக்க வேண்டும் என்று கல்விக் குழு இக்கூட்டத்தில் முன்மொழிகிறது. வேலை கிடைத்தபின் தவணையில் திருப்பித் தரப்படும். அடுத்த பிள்ளைக்கு அது போகும். தையல் எந்திரங்களுக்கு இவ்வாறு நாம் கொடுத்துத் திரும்பப் பெற்று வருகிறோம் என்பதை உறுப்பினர்கள் அறிவார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று கேட்போருக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். 1991இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கி, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் காலத்தில், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் சைக்கிளும் ஒருசேரக் கற்றனர். அன்றும் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. இன்று அவர்கள் வீட்டுப் பேத்திகள் கல்லூரிப் பேருந்தில் செல்கின்றனர். எனவே வகுப்பு இருபாலர்க்கும் உண்டு. பெண்களுக்குத் தனி நேரம், தனி வாயில்.

மதரஸாவின் மாடிக்கூடத்தை இஷாத் தொழுகைக்குப் பின் இரவு பத்து மணி வரையிலும், ஞாயிறுதோறும் காலையில் மாதிரித் தேர்வுக்காகவும் ஆறு மாதத்துக்குத் தருமாறு நிர்வாகத்தை வேண்டுகிறோம். மின்சாரச் செலவைக் கல்விக் குழு ஏற்கும். மாதிரித் தேர்வுக்கு இரண்டு கணினிகள் இருக்கின்றன. இன்னும் நான்கு வேண்டும். கடையில் மாற்றிய பழைய கணினி எவரிடமேனும் இருப்பின் அதுவே போதுமானது. எழுத விரும்பும் பிள்ளைகளின் பெயரை வரும் ஜும்ஆவுக்குள் பள்ளிவாசல் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள், அந்த மதிப்பெண் பட்டியலையும் மறவாமல் கொண்டுவாருங்கள். முதல் வகுப்பு அதிலிருந்தே தொடங்கும், இன்ஷா அல்லாஹ்.