செவுளைத் தூக்கிக் காட்டுங்கள்

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இங்கே வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் என் தம்பி தங்கைகளே!

என் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்றவர். விடியுமுன் ஏலத்தில் கூடை எடுத்து வந்து, ராயபுரத்தில் ஒரு தெருமுனையில் உட்காருவார். வாங்க வந்தவர் தயங்கினால் அம்மா அதிகம் பேச மாட்டார். ஒரு சங்கரா மீனைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் புதிய மீன். பழுப்பேறியிருந்தால் ஐஸில் கிடந்த மீன். “மீனு பொய் சொல்லாதும்மா, செவுளப் பாரு” என்பார். பழைய மீனையும் அவர் விற்றிருக்கிறார். ஆனால் ‘இது நேத்து மீனு’ என்று தானே முதலில் சொல்லி, விலையைக் குறைத்து விற்பார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே முனையில் உட்கார்ந்தார். வாடிக்கை கலையவே இல்லை.

தொழில்நுட்பமும் புதுமையான விளம்பரமும் வேலையையும் படிப்பையும் எப்படி மாற்றுகின்றன என்று பேசச் சொல்லி உங்கள் முதல்வர் என்னை அழைத்தார். அதற்கு உதாரணம் தேடி நாம் வெளியூர் போகவேண்டியதில்லை. ராயபுரத்தில் கிளம்பி எண்ணூர் வரை ஒரு முறை போனாலே போதும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்டது ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான். நீங்கள் மெட்ரோவில் இறங்கும் விம்கோ நகர், ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊருக்கே அந்தப் பெயர் தங்கிவிட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் இங்கே ஒரு தொழில் வந்திருக்கிறது, ஒரு தொழில் போயிருக்கிறது. மாற்றம் என்ற சொல்லை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். கையில் ஒரு இரும்புக் கொக்கி வைத்திருப்பார். அதை மூட்டையில் குத்தி இழுத்துத் தோளில் ஏற்ற வேண்டும். ஒரு கப்பலை இறக்கக் கும்பல் கும்பலாக ஆட்கள் நாள்கணக்கில் உழைத்த காலம் அது. 1956 ஏப்ரல் 26 அன்று, அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சரக்கை மூட்டை மூட்டையாகத் தூக்காமல் பெட்டியோடு தூக்கலாம் என்ற அந்த யோசனை உலகைச் சுற்றிக்கொண்டு 1983இல் நம் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையமாக வந்து நின்றது. பெட்டியைக் கிரேன் தூக்கியது. அப்பாவின் கொக்கி சுவரில் தொங்கியது.

அந்த நாட்களில் வீட்டில் இருந்த மௌனம் எனக்கு நினைவிருக்கிறது. வேலை போய்விடும் என்ற பயத்தை யாரும் லேசாகப் பேசக் கூடாது. ஆனால் அப்பாவுக்கு ஒன்று தெரிந்திருந்தது. எந்தச் சரக்கு ஈரம் தாங்கும், எது தாங்காது, எதை அடியில் வைக்கவேண்டும், எதை மேலே வைக்கவேண்டும் என்பதைத் தோளாலேயே படித்திருந்தார். பெட்டிக்குள் சரக்கை அடுக்கும் இடத்தில் அந்த அறிவு தேவைப்பட்டது. அங்கே மேஸ்திரியானார். கொக்கி பிடித்த கைக்கு வேலை போனது. சரக்கை அறிந்த மனிதனுக்கு வேலை இருந்தது.

எனக்கும் அதுவே நடந்தது. படிப்பு முடித்து, பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கார்பன் தாள் வைத்து ஷிப்பிங் பில் அடிக்க வேண்டும். அதை ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு எடுத்துப்போய் மேசை மேசையாக நிற்க வேண்டும். மெல்ல எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. வேகமாக டைப் அடிப்பது மட்டுமே தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். எனக்கு மூத்த ஊழியர் ஒருவர், ‘இந்தச் சரக்கு ஏன் இந்தச் சுங்க எண்ணின் கீழ் வருகிறது என்று கேட்டுக்கொண்டே அடி’ என்று முதல் மாதமே சொல்லியிருந்தார். தோல் என்றால் எந்தத் தோல், பதப்படுத்தியதா, தைத்துப் பொருளானதா என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டைப்ரைட்டர் போனபோது நான் போகவில்லை. அந்த ஒரு பழக்கம் காப்பாற்றியது.

கேள்வி என்ற தமிழ்ச் சொல்லைப் பாருங்கள். வினவுவதும் அதுதான், செவிகொடுப்பதும் அதுதான். திருக்குறளில் கல்வி, கல்லாமை என்று இரண்டு அதிகாரங்கள் முடிந்ததும் கேள்வி வருகிறது. நம் திருவொற்றியூர்க் கோயிலில் இலக்கணம் கற்பிக்கவே சோழர் காலத்தில் ஒரு மண்டபம் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கடற்கரையில் ஒருவர் சொல்ல, பலர் கேட்டுப் படித்திருக்கிறார்கள்.

இனி விளம்பரத்துக்கு வருகிறேன். 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யத் தொடங்கினார். பிறகு தம்பு செட்டி தெருவில் ஓர் அலுவலகம். 1952இல் தேய்ந்த டயர்மேல் ஒட்டும் டிரெட் ரப்பர். அறுபதுகளில் டயர். அதுதான் எம்.ஆர்.எஃப். வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆண்ட சந்தையில் சென்னைக் கம்பெனி ஒன்றின் டயரை யார் வாங்குவார்கள்? விளம்பரக் கலைஞர் அலிக் பதம்சியிடம் பொறுப்பு போனது. டயரை யார் வாங்குகிறார்கள் என்று பார்த்து, லாரி ஓட்டுநர்களிடமே கேட்டார்கள். டயர் பலமாக இருக்க வேண்டும், சுமை தாங்க வேண்டும்: அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். 1964இல், டயரைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் அந்தப் பயில்வான் பிறந்தான். எழுதப் படிக்கத் தெரியாத ஓட்டுநரும் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளும் படம் அது.

அந்தப் பயில்வான் இத்தனை காலம் நின்றதற்குக் காரணம் என்ன? படம் சொன்னதை டயர் செய்தது. நெடுஞ்சாலையில் பத்து டன் சுமையோடு போகும் ஓட்டுநரை ஒரு முறை ஏமாற்றலாம். அடுத்த தாபாவில் இறங்கி அவர் பத்துப் பேரிடம் சொல்லிவிடுவார்.

திருவொற்றியூரிலேயே இன்னொரு கதை. ஐம்பதுகளின் நடுவில் இங்கே புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரிப்புத் தொடங்கியது. அதைப் பெற்ற இங்கிலாந்துக் கம்பெனி 1970 வாக்கில் கதவைச் சாத்தியது. பிள்ளை நம் ஊரில் வளர்ந்தது. இரண்டாயிரமாவது ஆண்டையொட்டி இங்கும் விற்பனை சரிந்து, இந்தத் தொழில் தேவையா என்ற கேள்வி எழுந்தது. இருபதுகளில் இருந்த சித்தார்த்த லால் என்ற இளைஞர் பொறுப்பேற்று, அதைக் காப்பாற்ற அவகாசம் கேட்டுப் பெற்றார். எண்ணெய் கசிந்த, பாதி வழியில் நின்ற பழைய வார்ப்பிரும்பு இன்ஜினுக்குப் பதில் புதிய இன்ஜின் வந்தது. வண்டியின் அந்த ‘டப் டப்’ சத்தம் போய்விடுமோ என்று ரசிகர்கள் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலைக்கும் காதுகொடுத்தார்கள். விளம்பரமோ வண்டியின் வேகத்தைச் சொல்லவில்லை. இமயமலைக்குக் கூட்டமாகப் போகும் பயணத்தைச் சொன்னது. 2024-25இல் அவர்கள் விற்ற வண்டிகள் ஓராண்டில் 10 லட்சத்தைத் தாண்டின.

இதில் எனக்குப் பிடித்தது பெட்ரோல் டேங்க்மேல் ஓடும் அந்தத் தங்கக் கோடு. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் நெடுங்காலமாக அதைத் தூரிகை பிடித்து, கைநடுக்கம் இல்லாமல், ஒரே இழுப்பில் போட்டார்கள். மெஷின் போடக்கூடிய கோடுதான். ஆனாலும் அது கையால் போட்டது என்று தெரிந்ததும் வாங்குபவர் விரலால் தடவிப் பார்க்கிறார். நம் பக்கத்துத் தொழிலாளி ஒருவரின் கை நிதானம், உலகத்துக்கே சொல்லத் தகுந்த செய்தியானது. நல்ல விளம்பரம் இப்படித்தான் பிறக்கிறது. ஏற்கெனவே இருக்கும் உண்மையைக் கண்டுபிடித்து வெளிச்சத்தில் வைப்பதே அதன் வேலை.

இன்று பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போங்கள். கடைக்குக் கடை ஒரு பெண் செல்போன் முன்னால் நின்று புடவையைப் பிரித்து, முந்தானையை விரித்துக் காட்டி ரீல்ஸ் போடுகிறார். மதுரையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆர்டர் வருகிறது. காசிமேட்டுப் படகுகள் ஜிபிஎஸ் பார்த்துப் போகின்றன. கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் எங்கே சேர வாய்ப்புண்டு என்று ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் சொல்கிறது. மீன் கூடைக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் தமிழில் விளம்பரம் எழுதிப் படமும் போட்டுத் தருகிறது. நான் மூன்று நாளில் செய்த வேலையை உங்கள் கைபேசி, நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் செய்துவிடும்.

அந்தக் கருவிகளை நன்றாகப் படியுங்கள். பயப்படாதீர்கள். ஆனால் அந்தக் கருவி திருவொற்றியூர் லாரி ஷெட்டுக்கு நடந்துபோய் ஓட்டுநரிடம் கேட்காது. புடவையைத் தொட்டுப் பார்க்காது. செவுளைத் தூக்காது. இவை மூன்றும் உங்கள் வேலை.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். நான் ஓரளவு உயர்ந்தபின், வேலை பார்த்த ஓர் இடத்தில் ‘48 மணி நேரத்தில் சரக்கு உங்கள் கையில்’ என்று விளம்பரம் எழுதினேன். வாசகம் எல்லோருக்கும் பிடித்தது. பார்ட்டிகள் வந்தார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்பது எனக்குத் தெரியாதா? தெரியும். இந்த ஊரிலேயே பிறந்தவள் நான். ஒரு சிறு தொழில்முனைவோரின் சரக்கு பதினோரு நாள் மாட்டிக்கொண்டது. அவர் சண்டை போடவில்லை. அந்த விளம்பரத் தாளை மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு அம்மாவின் கட்டைவிரல்தான் கண்முன் நின்றது. அதன் பிறகு, என்னால் காட்ட முடியாத எதையும் நான் எழுதியதில்லை.

இது ஒரு கடைக்கு மட்டுமான நியாயம் இல்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. இளைஞர்கள் வாளியில் அள்ளியதை உலகமே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் கழிமுகத்தில் பரவி, படகிலும் வலையிலும் அலையாத்திச் செடிகளிலும் படிந்தது. பசுமை, வளம், எதிர்காலம் என்ற சொற்களை எந்த ஆலைச் சுவரிலும் எழுதலாம். கொசஸ்தலையாற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் பெண்ணின் கூடை நிரம்புகிறதா என்பதுதான் எண்ணூரின் செவுள். நாளை உங்களில் சிலர் அந்த ஆலைகளில் அதிகாரியாவீர்கள், சிலர் அவற்றுக்கு விளம்பரம் எழுதுவீர்கள். எழுதுமுன் ஒரு நாள் ஆற்றங்கரைக்குப் போய்வாருங்கள். அங்கே இருப்பவரிடம் கேளுங்கள்.

உங்களில் பலர் உங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. வேலைக்கான நேர்காணலில் ‘ராயபுரமா? எண்ணூரா?’ என்று கேட்பவரின் குரல் ஒரு மாதிரி மாறலாம். அப்போது ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 1912 மார்ச் 1 அன்று, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில், சென்னைத் துறைமுகத்தில் ஓர் இளைஞர் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தார். கல்லூரித் தேர்வில் தேறாதவர். அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். துறைமுகத்தில் எழுத்தராக இருக்கிறேன், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அதன் பின் பக்கம் பக்கமாகத் தன் தேற்றங்களை வைத்தார். 1914 மார்ச் 17 அன்று இதே துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினார். அவர் ராமானுஜன். அந்தக் கடிதத்தில் அலங்காரம் இல்லை. மீனை எடுத்து, செவுளைத் தூக்கிக் காட்டினார். பார்க்கத் தெரிந்தவர் பார்த்தார்.

பிள்ளைகளே, இன்று வாங்கும் இந்தத் தாள் கூடையின் மேல் போர்த்திய துணி. உங்களை வேலைக்கு எடுப்பவர் ஒரு நிமிடம் அதைப் பார்ப்பார். பிறகு துணியை விலக்குவார். அந்த நேரத்தில் தயங்காமல் எடுத்துக் காட்ட ஒன்று இருக்கும்படி, தினமும் கொஞ்சம் கேளுங்கள், கொஞ்சம் படியுங்கள், கொஞ்சம் செய்யுங்கள். நேற்றுப் படித்தது இன்று பழையதாகிவிட்டால் ‘இது நேத்து மீனு’ என்று ஒப்புக்கொள்ளுங்கள். விடியுமுன் எழுந்து மறுபடி கரைக்குப் போங்கள். கடல் எங்கும் போய்விடாது.

என் அம்மா இப்போது இல்லை. இருந்திருந்தால் அந்தப் பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருப்பார். இந்த அரங்கை விட்டுப் போகுமுன் உங்களைக் கரைசேர்த்தவர்களின் கையைப் பிடித்துப் பாருங்கள். காய்ப்பேறிய அந்தக் கைகளில் எந்த விளம்பரமும் இல்லை. இன்று நீங்கள் காட்டும் சிவப்பு அங்கிருந்துதான் வந்தது.

நலமாக வாழ்க, உண்மையாக உழைக்க.