அப்பாவோட லென்ஸ் கெட்டுப்போச்சா?

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்விக்கான பதில்தான். தஞ்சாவூர் பக்கத்திலிருந்து ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. அப்பா போன வருஷம் தவறிட்டார். பீரோவைச் சுத்தம் பண்ணும்போது அவரோட பழைய பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமராவும், தோல் உறைக்குள்ள 50 எம்எம் எஃப் 1.4 சூப்பர் டகுமர் லென்ஸும் கிடைச்சிருக்கு. ஒரு கடையில் காட்டினதுக்கு, "கண்ணாடி மஞ்சளாயிடுச்சு, லென்ஸ் போச்சு, ஐந்நூறு ரூபாய் தர்றேன்"னு சொல்லியிருக்காங்க. நேயர் கிட்ட ஏற்கெனவே சோனி மிரர்லெஸ் கேமரா ஒன்று இருக்கு, ஏபிஎஸ்-சி சென்சார். "இந்த லென்ஸ் நிஜமாவே செத்துப்போச்சா? என் கேமராவில் மாட்ட முடியுமா?" இதுதான் கேள்வி.

முதலில் அந்த மஞ்சள். மஞ்சளை மட்டும் வைத்து லென்ஸ் கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாது. 1960-களில், 70-களில் வந்த சில லென்ஸ்களில், ஏழு எலிமென்ட் கொண்ட 50 எம்எம் எஃப் 1.4 டகுமர் உட்பட, கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்திருப்பார்கள். ஆமாம், கதிரியக்கத் தோரியம்தான். நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட்டுன்னு ஒரு கனிமம் இருக்கு இல்லையா, அதில் இருக்கிற அதே தோரியம். இதைக் கலந்தால் கண்ணாடி ஒளியை நன்றாக வளைக்கும், ஆனால் நிறங்களை அதிகமாகப் பிரிக்காது. லென்ஸ் டிசைன் பண்றவங்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். அதற்குக் கொடுத்த விலை என்னன்னா, அந்தக் கதிரியக்கம் வருஷக்கணக்கில் கண்ணாடியின் உள்ளமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, அதைத் தேன் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

பயப்பட வேண்டாம். தோரியம் கண்ணாடிக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கு. கையில் பிடிப்பது, படம் எடுப்பது எல்லாம் சரிதான். உடைக்காதீங்க, தேய்க்காதீங்க, அந்தத் தூளை மூச்சில் இழுக்காதீங்க. தலையணைக்குக் கீழே வச்சுத் தூங்கவும் வேண்டாம், அவ்வளவுதான். தோரியத்தோட அரை ஆயுள் சுமார் 1400 கோடி வருஷம். அது தானா தீரட்டும்னு காத்திருக்க முடியாது.

ஆனால் மஞ்சளைப் போக்கலாம். புற ஊதா ஒளி பட்டால் அந்த நிறம் பெருமளவு திரும்பிப் போயிடும். வெயிலில் வைக்கச் சொல்லி நிறைய பேர் ஆலோசனை சொல்வாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்று, உள்ளே இருக்கிற கிரீஸ் இளகி அப்பர்ச்சர் பிளேடு மேல வழியும். இரண்டு, எஃப் 1.4 லென்ஸ்னா அது ஒரு நல்ல பூதக்கண்ணாடி. வெயிலில் வச்சா பக்கத்தில் இருக்கிற துணியோ காகிதமோ பற்றிக்கொள்ளும். சின்ன யூவி எல்இடி விளக்கு வாங்கி, லென்ஸின் பின்பக்கக் கண்ணாடிக்கு நேராக வைத்து, அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து சில நாட்கள் விடுங்க. கீழே அலுமினியம் ஃபாயில் போட்டால் ஒளி திரும்பவும் உள்ளே போகும். விளக்கை நேராகப் பார்க்காதீங்க. அவசரம்னா ஒன்றுமே செய்யாமலும் படம் எடுக்கலாம். கொஞ்சம் வெளிச்சம் குறையும். நிறத்தை கேமராவோட ஒயிட் பேலன்ஸே பெரும்பாலும் சரிபண்ணிடும்.

கடைக்காரர் பார்க்காமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கு: பூஞ்சை. நம்ம ஊரில் பழைய லென்ஸ்களை உண்மையில் கொல்வது இதுதான். தஞ்சாவூர் மாதிரி இடத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்கப் பூட்டின பீரோவுக்குள்ள, அதுவும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தோல் உறைக்குள்ள ஒரு லென்ஸ் இருந்தால், பூஞ்சைக்கு அது ஒரு வாடகை இல்லாத வீடு. சோதிப்பது ரொம்ப சுலபம். இருட்டறைக்குப் போங்க, அப்பர்ச்சரை முழுசாகத் திறங்க, போன் டார்ச்சை லென்ஸுக்குப் பின்னாலிருந்து அடிங்க, நேராகப் பார்க்காமல் கொஞ்சம் சாய்வாகப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி, வேர் மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. புள்ளி புள்ளியாகத் தூசி தெரிந்தால் கண்டுக்காதீங்க, அம்பது வருஷ லென்ஸில் தூசி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஓரத்தில் ரெண்டு இழை இருந்தால் படத்தில் தெரியவே தெரியாது. பரவியிருந்தால் மேனுவல் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்க. பூஞ்சை விடும் அமிலம் கோட்டிங்கை அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகாது, வளர்ச்சி மட்டும் நிற்கும். எப்படியிருந்தாலும் அந்தத் தோல் உறையை இன்றைக்கே லென்ஸிலிருந்து பிரிச்சு வைங்க. அப்பா ஞாபகமாக உறையைத் தனியா வச்சுக்கலாம். லென்ஸ் மட்டும் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல்லோட, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

சரி, மாட்ட முடியுமா? முடியும், அதுவும் ரொம்ப நல்லா முடியும். காரணம் ஒரு சின்னக் கழித்தல் கணக்கு. அந்த லென்ஸில் இருப்பது எம்42 திருகு மவுன்ட். 42 மில்லிமீட்டர் விட்டம், ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் மரை. மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் வரைக்கும் 45.46 மில்லிமீட்டர் தூரம் இருக்கும்னு நம்பி அந்த லென்ஸைச் செய்திருக்காங்க. சோனி இ-மவுன்ட்டில் அந்தத் தூரம் 18 மில்லிமீட்டர், ஏன்னா நடுவில் கண்ணாடி கிடையாது. மிச்சம் 27.46 மில்லிமீட்டர். அந்த அளவு நீளத்துக்கு, உள்ளே எதுவுமே இல்லாத ஒரு உலோகக் குழாய், அதுதான் அடாப்டர். சென்சார் இருக்கிற இடத்தில் ஃபிலிம் இருக்கிறதா நினைச்சுக்கிட்டு லென்ஸ் பாட்டுக்கு வேலை செய்யும். இதே லென்ஸை நிகானோட பழைய டிஎஸ்எல்ஆரில் மாட்டினால் தகராறு. அங்கே தூரம் 46.5 மில்லிமீட்டர். ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டர் அதிகம், அதனால் தூரத்தில் இருப்பது ஃபோகஸே ஆகாது. நடுவில் இன்னொரு கண்ணாடி வைத்த அடாப்டர் தேவைப்படும், அது படத்தைக் கெடுக்கும்.

மாட்டினதும் கேமரா "லென்ஸே இல்லையே"ன்னு அடம்பிடிக்கும். மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டரை அனுமதிக்கும் அமைப்பு இருக்கு, அதை ஆன் பண்ணுங்க. லென்ஸில் ஏ, எம் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். எம் பக்கம் தள்ளுங்க, அப்போதுதான் வளையத்தைத் திருப்பினால் பிளேடு மூடும். கேமராவை அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் வையுங்க. ஷட்டர் வேகத்தை அதுவே பார்த்துக்கும்.

ஃபோகஸ்தான் உங்க வேலை. கேமராவில் ஃபோகஸ் பீக்கிங் இருக்கும், ஃபோகஸான விளிம்புகளில் நிறம் மினுங்கும். அதை முழுசா நம்பாதீங்க. அது ஒரு சாதாரண எட்ஜ் டிடெக்‌ஷன் ஃபில்டர், நம்ம காலேஜ் இமேஜ் ப்ராசஸிங் லேபில் எழுதினது மாதிரிதான். கான்ட்ராஸ்ட் அதிகமா இருக்கிற இடமெல்லாம் ஃபோகஸ்னு கத்தும். எஃப் 1.4-ல் ஒன்றரை மீட்டரில் ஒருத்தரை எடுத்தால், உங்க சென்சாரில் கூர்மையா வரும் ஆழம் மொத்தமே 5 சென்டிமீட்டர் அளவுக்குத்தான். பீக்கிங் மூக்கு, கண், காது மூணுக்கும் சேர்த்து மினுங்கும். அதனால் பீக்கிங்கில் தோராயமா வந்துட்டு, பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கண்ணில் நிறுத்துங்க. கொஞ்ச நாளில் விரல் பழகிடும்.

எதிர்பார்ப்பையும் சொல்லிடறேன். முழுசாகத் திறந்தால் படம் மெத்துன்னு இருக்கும். எஃப் 4-க்கு வந்தால் நல்ல கூர்மை. எதிர் வெயிலில் வெளுத்துப்போகும், கையால் மறைச்சுக்கங்க. உங்க சென்சாரில் 75 எம்எம் லென்ஸ் மாதிரி தெரியும், முகங்கள் எடுக்க அருமையான தூரம். ஓடுற குழந்தையை எடுக்க இதை நம்பாதீங்க. "விண்டேஜ் லுக்"னு சொல்லி இன்ஸ்டாகிராமில் ஏத்திவிடற விலைக்குப் புதுசா ஒன்று வாங்கச் சொன்னால் நான் யோசிப்பேன். ஆனா வீட்டிலேயே இருக்கிறதை ஐந்நூறுக்குக் கொடுக்காதீங்க.

எனக்கு, ஒரு சாஃப்ட்வேர்க்காரனா, இதில் கொஞ்சம் பொறாமை உண்டு. நான் அஞ்சு வருஷம் முன்னாடி எழுதின கோடு இன்றைக்கு ஓடாது. இந்த லென்ஸுக்கு டிரைவர் வேண்டாம், ஃபர்ம்வேர் வேண்டாம். ஒரு மரை, ஒரு தூரம், ரெண்டு வளையம். இன்றைக்கு நாம வாங்குற பெரும்பாலான மிரர்லெஸ் லென்ஸ்களில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் அது மோட்டாருக்குப் போற ஒரு சிக்னல் மட்டும்தான். கரண்ட் இல்லைன்னா கண்ணாடி நகராது. அப்பர்ச்சரும் அப்படியே. அந்த மவுன்ட்டோட பேசத் தெரிந்த கேமரா உலகத்தில் இருக்கிற வரைக்கும்தான் அதுக்கு உயிர். நம்ம பிள்ளைங்க நம்ம பீரோவைத் திறக்கும்போது அதை வச்சு என்ன பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியலை.

கடைசியா அந்த ஸ்பாட்மேட்டிக் பாடி. அதன் ஷட்டர் முழுக்க மெக்கானிக்கல், பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். அதையும் விற்காதீங்க. முக்கியமா, ஆர்வத்தில் பின்மூடியைத் திறந்துடாதீங்க. இடது பக்கம் மேலே இருக்கிற ரீவைண்ட் குமிழை அம்புக்குறி திசையில் மெதுவாகத் திருப்பிப் பாருங்க. தடையில்லாமல் சுத்தினால் உள்ளே எதுவும் இல்லை. இறுக்கமா இருந்தால் உள்ளே ரோல் இருக்கு. அப்படின்னா அடியில் இருக்கிற சின்ன பட்டனை அழுத்தி, இறுக்கம் விட்டுப்போகும் வரைக்கும் சுத்தி, பிறகு திறங்க. அந்த ரோலை ஃபிலிம் கழுவுகிற லேப் ஒன்றுக்கு அனுப்புங்க, பழைய ரோல்னு சொல்லியே கொடுங்க. படம் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க.